இரண்டாவது கறுப்புக் கட்டை

எங்கள் சர்ச் ஹாலில் இருக்கும் பியானோவுக்குள் ஜூன் மாதம் ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிடுவோம். ஜனவரி வரைக்கும் அதை அணைக்க மாட்டோம். பந்தலூர்ப் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பிடிக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், சான்றிதழ்கள் சுருண்டுகொள்ளும். மரமும் கம்பளித் துணியும் கம்பியுமாகச் செய்த பெட்டி மட்டும் சும்மா இருக்குமா? பல்பின் சூட்டில் அது எப்படியோ உயிர் பிழைத்து வந்தது, ஒரே ஒரு கட்டையைத் தவிர.

நடுவில் இருக்கும் ‘ஸி’க்கு வலப்பக்கம் இரண்டாவது கறுப்புக் கட்டை அது. மழை பிடித்துப் பத்து நாளில் உப்ப ஆரம்பிக்கும். மழை வலுத்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருக்கும் சுத்தியல் கம்பியைத் தொடாது. கட்டை மட்டும் கீழே போய் ‘டொக்’ என்று மரத்தில் இடிக்கும். ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனை வாசிக்கும்போது அது பெரிய தொல்லை. சபையே பக்தியோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்கும்.

அந்தப் பியானோவில் நான் முதலில் உட்கார்ந்தபோது எனக்கு ஏழு வயது. இப்போது நாற்பத்தெட்டு. தோட்டத்துத் துரைமார்களின் கிளப்பை மூடியபோது பியானோவைச் சர்ச்சுக்குக் கொடுத்தார்கள். யாரும் கேட்காத ஒரு பெட்டி இசைத்தட்டுகளை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் அப்பா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். உறைகள் அழகாக இருந்தன என்பதுதான் காரணம். ஜாஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். காலையில் கீர்த்தனை, மத்தியானம் ஜாஸ் என்று இரண்டையும் அந்த ஒரே பெட்டியில் பழகினேன். கீர்த்தனைக்குத் தொல்லையாக இருந்த கட்டை ஜாஸுக்கு உதவியது. தாளத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே அந்த ‘டொக்’கைப் போட்டால் பாட்டு திடீரென்று இடுப்பை ஆட்டும். மழைக்காலம் முழுக்க அப்படி வாசித்து வாசித்து என் விரல்களுக்கு அதுவே குணமாகிவிட்டது. எனக்கு மட்டும் அது ரொம்ப நாள் தெரியவில்லை.

இரண்டு ஆல்பம் போட்டேன். முதலாவது முப்பது வயதில், சென்னையில். இரண்டாவது எட்டு வருஷம் கழித்துப் பெங்களூரில். இரண்டு இடத்திலும் முகம் பார்க்கும்படி மின்னும் கிராண்ட் பியானோ, ஏ.சி. அறை. எல்லாக் கட்டையும் சொன்ன பேச்சுக் கேட்டது. நானும் இஸ்திரி போட்ட சீருடையில் வந்த பிள்ளை மாதிரி ஒழுங்காக வாசித்துவிட்டு வந்தேன். கேட்டவர்கள் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஓட்டல் அறையைப் பற்றியும் அதையேதான் சொல்வார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் வீட்டில் எல்லோர்மேலும் காட்டினேன்.

பிழைப்புக்குக் கூடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. சீசன் மாதங்களில் சனிக்கிழமை ஊட்டிக்குப் போய் ஒரு பெரிய ஓட்டலில் வாசிப்பேன். கொஞ்சம் மெதுவாக வாசித்தால் விருந்தாளிகள் பேசிக்கொள்ள வசதியாக இருக்கும் என்று அந்த மேனேஜர் வாரந்தவறாமல் வந்து சொல்லிவிட்டுப் போவார். கேக் வெட்டும் மேஜையிலிருந்து ஆள் வந்தால் பிறந்தநாள் பாட்டு. என் வாசிப்புக்கு ஊட்டியில் கைதட்டல் விழுந்தது அதற்கு மட்டும்தான், அதுவும் கேக்குக்கு.

என் சொந்த வாசிப்பு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு சர்ச் ஹாலில் நடக்கும். என்னோடு இரண்டு பேர். டிரம்ஸ் வாசிப்பவர் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டுகிறார். அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். பேஸ் கிட்டார் வாசிப்பவருக்குக் கூடலூரில் மெடிக்கல் ஷாப், பேச்சில் பாதி மலையாளம். ஒருவர் என்னை அக்கா என்பார், இன்னொருவர் சேச்சி என்பார். பதினைந்து வருஷமாக மூன்று பேரும் ஒன்றாக வாசிக்கிறோம். எங்கே அந்த ‘டொக்’ விழும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அந்த இடத்தில் டிரம்மர் கையைத் தூக்கிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு டிரம்மர் தன் செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து எங்கள் வாசிப்பைப் பதிவு செய்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். சத்தம் போட்டேன். இரண்டாவது நாள் சென்னையிலிருந்து என் ரெக்கார்டு கம்பெனி அம்மா கூப்பிட்டார். கம்பெனி என்றால் அவரும் ஒரு உதவியாளரும்தான். என் இரண்டாவது ஆல்பத்தைப் போட்டவர் அவர். நடுவில் ‘டொக்’ என்று ஒன்று விழுகிறதே, அதை வாசிப்பது யார் என்று கேட்டார். யாரும் இல்லை, அது ஒரு கெட்டுப்போன கட்டை என்றேன்.

“இவ்வளவு வருஷமா இதையா எங்கிட்ட இருந்து மறைச்சு வச்சிருந்தீங்க?” என்றார்.

இன்னொரு ஆல்பம் போடலாம், உங்கள் ஊரிலேயே, அந்தப் பியானோவிலேயே, மழையிலேயே என்றார். இதுவும் போகாவிட்டால் நான்காவதைப் பற்றி யோசிக்கும் நிலையில் தான் இல்லை என்பதையும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அப்போது நாற்பத்தாறு. இது தவறினால் மிச்சக் காலத்துக்கு நான் கேக் மேஜைக்கு வாசிப்பவள் என்பது எனக்கும் தெரிந்தது.

ஜூலையில் நான்கு நாள் குறித்தோம். பள்ளியில் லீவு சொன்னேன். சென்னையிலிருந்து சவுண்ட் என்ஜினியராக ஒரு இளம்பெண் இரண்டு பெட்டி மைக்குகளும் பெரிய பேட்டரிகளுமாக வந்து இறங்கினாள். இறங்கிய கால் மணி நேரத்தில் அவள் காலில் அட்டைப்பூச்சி ஏறிவிட்டது. உப்பைத் தடவி எடுத்துவிட்டு ஹாலுக்குக் கூட்டிப்போனேன்.

ஹாலைத் திறந்ததும் எனக்குப் பாதி உயிர் போயிற்று. பியானோ பளபளவென்று நின்றது. மேலே புதுத் துணி விரித்து ரோஜாப்பூ ஜாடி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சர்ச் கமிட்டிச் செயலாளர், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போல நின்றார். அவர் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இலையில் இருக்கும் ஈரத்தை எந்த அளவுக்கு எடுப்பது என்பதைக் கையால் தொட்டே சொல்வதுதான் அவருடைய வேலையாக இருந்தது. பதிவு நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், எனக்குத் தெரியாமல் அந்தக் கறுப்புக் கட்டையைக் கழற்றி எடுத்துப் போய், ஃபேக்டரியில் டிரையர் பக்கத்தில் மூன்று நாள் வைத்து, உப்பின இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு தடவி, திரும்ப மாட்டியிருக்கிறார்.

“நாப்பது வருசம் ஈரத்தோட மல்லுக்கட்டுனவன் நானு. இனி அது மக்கர் பண்ணாதுங்க அம்மணி,” என்றார்.

அழுத்திப் பார்த்தேன். மணி மாதிரி ஒலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க வாசித்தோம். என் விரல் பழக்கத்தில் அந்த இடத்துக்குப் போகும், ‘டொக்’ வர வேண்டிய இடத்தில் ஒரு ஸ்வரம் கணீரென்று வந்து நிற்கும், மூன்று பேரும் தடுமாறுவோம். அந்தக் கட்டையைத் தொடாமல் வாசித்துப் பார்த்தேன். நடையில் ஒரு கால் குட்டையாகிவிட்டது. கட்டைக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்தோம். பஞ்சு மூட்டையைக் குத்துவது போலக் கேட்டது. டிரம்மர் குச்சியால் மரத்தில் தட்டிப் பார்த்தார். அது டிரம்மின் சத்தமாக இருந்தது, என் கையின் சத்தமாக இல்லை. என்ஜினியர் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எல்லாம் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பல்பை அணைத்துவிட்டோம். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தோம். மூடுபனி உள்ளே வந்து பெஞ்சுகளின் மேல் உட்கார்ந்தது. மற்ற கட்டைகள் லேசாகச் சுணங்க ஆரம்பித்தன, அது மட்டும் அசையவில்லை. நாற்பது வருஷ அனுபவம் அல்லவா, மனுஷன் அப்படிக் காய வைத்திருந்தார். மழை பிடித்தால் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கிற ஊர் எங்களுடையது, நனைந்த பெட்டியைப் பல்பு போட்டுக் காப்பாற்ற முடியாமல் எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். இப்போது பல்பை நாங்களாகவே அணைத்தும் காரியம் ஆகவில்லை.

செயலாளர் ஐயா தினமும் பதினோரு மணிக்கு ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவார். அந்தக் கட்டை ஒலிக்கும்போதெல்லாம் அவர் தலை ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே நான் எப்படி வாய் திறப்பது? மூன்றாம் நாள் மத்தியானம் என் பொறுமை அறுந்துவிட்டது. பேஸ்காரரிடம் ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்தினேன். அவர் மருந்துக்கடைக்காரர், தலைவலி மாத்திரையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். டிரம்மர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையில் எஸ்டேட் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பார்களே, பெரட்டு, அதில் நிற்பது போல நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

“பெரியவர்கிட்ட உள்ளதச் சொல்லிருங்கக்கா. நீங்க சொல்லாம அவர மரியாதை பண்ணல, ஏமாத்துறீங்க,” என்றார்.

சொன்னேன். கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தக் கட்டை ஊமையாக இருந்ததுதான் எங்கள் பாட்டு, அது பேச ஆரம்பித்ததும் எங்களுக்கு வாசிக்க வரவில்லை, நாளையோடு நாள் முடிகிறது என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் கெடுத்துப்போட்டனுங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாங்க என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கொடூரமான சொல் அதுதான். அவர் எழுந்து குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார். கோட்டு நனைவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜினியர் பெண் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

ஒரு மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கோட்டு இல்லை, அரைக்கைச் சட்டையும் ஃபேக்டரியில் போடும் பழைய ரப்பர் பூட்ஸும். கையில் ஒரு வாளி, வாளிக்குள் வெள்ளை மல் துணி. என்னைப் பார்க்காமல் நேரே பியானோவுக்குப் போய் முன்பலகையைக் கழற்றினார். கட்டையை வெளியே எடுத்து, அதை ஆணியில் மாட்டும் துளையைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் வருத்தம் போய் வேலை வந்திருந்தது.

“எந்த மழ ஈரம் வேணுமுங்க? ஆனி மழைக்கா, ஆடி மழைக்கா?”

அப்படி ஒரு கேள்வியை எந்த ஸ்டூடியோவிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனியில் கட்டை சுணங்கும், ஆனாலும் முனகும். ஆடி மழையில்தான் முழுக்க ஊமையாகி மரம் மட்டும் பேசும். ஆடி மழைக்குங்க என்றேன். அவர் மெழுகைச் சுரண்டி எடுத்தார். துணியை நனைத்து, பிழிந்து, இன்னொரு தடவை பிழிந்து, கட்டையின் துளையையும் கம்பளித் துணி ஒட்டிய இடத்தையும் குழந்தைக்குக் கட்டுப் போடுவது போலச் சுற்றினார். பக்கத்துக் கட்டைகளுக்கு ஈரம் தாவாமல் இருக்கக் காய்ந்த சாக்கைச் செருகினார். பல்பைத் திரும்ப எரியவிட்டு அந்த ஓரத்துக்கு மட்டும் தகரத்தால் மறைப்புக் கட்டினார். காலையில் வாங்க என்று எங்களை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது அவர் முன்பே வந்து கட்டையை மாட்டியிருந்தார். நான் உட்கார்ந்தேன். அழுத்தினேன். ‘டொக்.’

டிரம்மர் சிரித்துவிட்டார். பேஸ்காரர் கிட்டாரை மாட்டிக்கொண்டார். ஏழு பாட்டையும் அன்று ஒரே நாளில் வாசித்தோம். இரண்டாவது டேக் தேவைப்பட்டது இரண்டே இரண்டு பாட்டுக்கு. தகரக் கூரையில் மழை பெய்தது, அதையும் விட்டுவிடச் சொன்னேன். என் இரண்டு கையும் நாற்பது வருஷமாக எங்கே போக நினைத்தனவோ அங்கே அன்றுதான் போய்ச் சேர்ந்தன. நான்கு மணிக்குக் கடைசிப் பாட்டு முடிந்தபோது என்ஜினியர் பெண் ஹெட்போனைக் கழற்றாமலே இருந்தாள். நல்லவேளை, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

உறையில் யார் யார் பெயர் போடுவது என்று கம்பெனி அம்மா கேட்டார். பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றையும் சொல்லிவிட்டு, நான்காவதாக ஈரம் என்று போட்டுச் செயலாளர் ஐயாவின் பெயரை எழுதச் சொன்னேன். அப்படி ஒரு வாத்தியம் கிடையாதே, படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள் என்றார். நினைத்துக்கொள்ளட்டும், அந்த வரி இல்லாமல் ஆல்பம் வரக்கூடாது என்றேன். வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நானே அடக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. முதலில் வெளிநாட்டு வானொலி ஒன்று ஒரு பாட்டைப் போட்டது. பிறகு அதே பாட்டை வேறு ஊர்களில் போட்டார்கள். அந்த மரச் சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாத மொழிகளில் எழுதினார்கள். பேஸ்காரர் கடையில் மருந்து வாங்க வந்தவர்கள் கையெழுத்தும் கேட்டார்கள். கம்பெனி அம்மா நான்காவது ஆல்பத்துக்குத் தானாகவே நாள் கேட்டார், பிறகு ஐந்தாவதுக்கும். ஊட்டி ஓட்டலில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த மேனேஜர் போன் செய்து, ஒரு நாள் வந்து வாசிக்க வேண்டும், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்கு முன்னால் மும்பையில் பெரிய அரங்கு ஒன்றில் கூப்பிட்டார்கள். என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். கிராண்ட் பியானோ வேண்டாம், பழைய மரத்தில் செய்த நிமிர்ந்த பியானோ போதும். முந்தின நாளே எங்கள் ஆள் ஒருவர் வாளியோடு வருவார், அவரைத் தடுக்கக் கூடாது என்று எழுதினேன். செயலாளர் ஐயா அதற்கு முன் விமானத்தில் ஏறியதில்லை. மல் துணியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அரங்கில் இறங்கியதும் விரலை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்து, இங்கே ஈரம் இருக்கிறது, ஆனால் உப்பு ஈரம், நம்பக் கூடாது என்றார். அங்கிருந்த பியானோவிலும் அதே கறுப்புக் கட்டையைக் கழற்றி ஈரத்துணி சுற்றிவிட்டு, ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார். பெரிய மனிதர்கள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. முதல் பாட்டிலேயே அந்த இடம் வந்தது, டிரம்மர் கையைத் தூக்கிக்கொண்டார், ‘டொக்’ விழுந்தது. இருட்டில் யாரோ சந்தோஷத்தில் மூச்சை இழுத்தது மேடைவரைக்கும் கேட்டது. கடைசிப் பாட்டு முடிந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். பேஸ்காரர் பெயரைச் சொன்னேன், டிரம்மர் பெயரைச் சொன்னேன். அப்புறம் மைக்கில், ஈரம் என்று சொல்லி ஐயாவின் பெயரைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். உறையைப் படித்திருந்தவர்கள் சிரிக்கவில்லை, அவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக முழு அரங்குக்கும் பரவி, அன்று எனக்கு விழுந்ததைவிடப் பெரிதாக ஆனது. நான் ஓரத்துக்குப் போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பியானோவைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் விரலை நீட்டி அந்தக் கட்டையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். மைக் அதைப் பிடித்துக்கொண்டது. ‘டொக்’ என்று அரங்கு முழுக்கக் கேட்டதும் கைதட்டல் கூரையைத் தொட்டது.

அந்தச் சத்தத்தில் அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்.

“இந்தத் தடவ கெடுத்துப்போடலீங்களே, அம்மணி?”

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன், அவர் கையை விடாமல்.